உதிர்ந்த இலையைக் குனிந்து எடுங்கள்

(சென்னையில் ஓர் அடுக்ககத்தின் பொது அறையில், ஞாயிறு காலை, குடியிருப்போர் கொண்டுவந்த தொட்டிச் செடிகளை மேசைமேல் வைத்துக்கொண்டு ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



"வீட்டில் வாடிக் கிடக்கும் செடி இருந்தால் கையோடு கொண்டு வாருங்கள்" என்று அறிவிப்புப் பலகையில் ஒரு வரி சேர்க்கச் சொன்னது நான்தான். இரண்டு மூன்று வரும் என்று நினைத்தேன். பதினொன்று வந்திருக்கின்றன. லிஃப்டில் என்னோடு ஏறிய காவலாளி மேசையைப் பார்த்துவிட்டு, "என்ன சார், ஆஸ்பத்திரியா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரிதான். ஆனால் மருந்துச் சீட்டு எழுதுகிற இடம் அல்ல, விசாரிக்கிற இடம். முப்பது வருடம் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு அக்கம்பக்கத்தார் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "சார், இதுக்கு என்ன உரம் போடலாம்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பத்தில் எட்டுப் பேர் கேட்பது உரம். அந்த எட்டுச் செடியில் ஒன்றுக்குக்கூட உரம் தேவைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

செடி இலை கொட்டினால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? பெருக்கித் தள்ளுகிறோம். அடுத்த வேலையாக ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறோம். இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த இரண்டு வேலைக்கும் நடுவில் இருக்கிறது. விளக்குமாறை எடுப்பதற்கு முன்னால் குனிந்து அந்த இலையைக் கையில் எடுங்கள். காம்பின் அடியைப் பாருங்கள்.

இதோ, இந்த ஃபைகஸ் தொட்டியைச் சுற்றி விழுந்திருக்கிற இலைகளில் ஒன்று. பாதி மஞ்சள், பாதி பச்சை. காம்பு முடிகிற இடம் பிய்ந்து நார் நாராக இல்லை. வெட்டி எடுத்த மாதிரி வழுவழுவென்று இருக்கிறது. கிளையில் அது ஒட்டியிருந்த இடத்திலும் காயம் இல்லை, சின்னத் தழும்பு மட்டும். முன்வரிசையில் இருப்பவர்கள் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பின்னால் கொடுங்கள்.

இப்போது இன்னொரு காட்சியை நினைத்துப் பாருங்கள். காற்றில் முறிந்து, பட்டையில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும் மாங்கிளை. ஒரு மாதம் ஆகியிருக்கும். இலையெல்லாம் காய்ந்து, பழுப்பேறி, காற்றடித்தால் சரசரக்கும். ஆனால் கீழே விழாது. கையால் உலுக்கினாலும் சுலபத்தில் விழாது. பக்கத்துக் கிளையிலோ பழுத்த இலை ஒன்று நாம் நிமிர்ந்து பார்க்கும்போதே தானாகக் கழன்று வருகிறது. செத்த கிளையில் இலை விழுவதில்லை. உயிருள்ள கிளையில் விழுகிறது. ஏன்?

இலை விழுவது என்பது செடிக்கு நேர்கிற விபத்து அல்ல, செடி செய்கிற வேலை. காம்பு தண்டோடு சேரும் இடத்தில் மெல்லிய சில அடுக்குச் செல்கள் இருக்கின்றன. உதிர்வடுக்கு என்று பாடப்புத்தகம் சொல்லும். நன்றாக வேலை செய்கிற இலை ஆக்சின் என்ற ஹார்மோனைக் காம்பு வழியாகத் தண்டுக்கு இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. தினமும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற மாதிரி. அந்த வரத்து இருக்கும்வரை உதிர்வடுக்கு சும்மா இருக்கும். இலை நிழலில் மாட்டிக்கொண்டாலோ, வயதானாலோ, பூச்சி உறிஞ்சி வலுவிழந்தாலோ ஆக்சின் குறைகிறது. குறைந்ததும் அந்த அடுக்கு எத்திலீன் என்ற வாயுவுக்குச் செவிசாய்க்கத் தொடங்குகிறது. எத்திலீன் சொன்னபடி செல்களுக்கு இடையே சாந்து மாதிரி இருக்கும் பெக்டினைக் கரைக்கும் நொதிகள் சுரக்கின்றன. தண்டுப் பக்கத்தில் தக்கை போல ஒரு படலம் உருவாகிப் புண்ணை மூடிவிடுகிறது. பிறகு ஃபேன் காற்று போதும், இலை கீழே.

இதற்கெல்லாம் உயிரும் ஆற்றலும் வேண்டும். ஆகவே வழுவழுத்த காம்போடு தரையில் கிடக்கும் இலையைப் பார்த்தால், செடி ஏதோ கணக்குப் போட்டு ஒரு முடிவெடுத்திருக்கிறது என்று பொருள். கிளையிலேயே காய்ந்து, சுருண்டு, விழாமல் தொங்குகிற இலையைப் பார்த்தால்தான் கவலைப்பட வேண்டும்: முடிவெடுக்கக்கூட நேரமில்லாமல் அந்தக் கிளை போய்விட்டது. நாம் நேர்மாறாகச் செய்கிறோம். இலை கொட்டினால் பதறுகிறோம். சருகு தொங்கினால், "இன்னும் இலை இருக்கே, பிழைச்சுக்கும்" என்கிறோம்.

எத்திலீன் பற்றி ஒரு சின்னக் கிளைக்கதை. ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்குக்கு நிலக்கரி வாயு எரித்த காலம். குழாய் கசிந்த தெருக்களில் மரங்கள் காரணமில்லாமல் இலையைக் கொட்டின. 1864லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். 1901இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நெல்யூபோவ் என்ற ஆராய்ச்சியாளர், தன் ஆய்வுக்கூடத்துப் பட்டாணி நாற்றுகள் கோணல்மாணலாக வளர்வது ஏன் என்று தேடப்போய், விளக்கு வாயுவில் இருக்கும் எத்திலீன்தான் குற்றவாளி என்று கண்டுபிடித்தார். பழமே இந்த வாயுவை விடுகிறது என்பது 1934இல் உறுதியானது. வாழைத்தாருக்கு மூட்டம் போட்டவர்களும், மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்தவர்களும் பெயர் தெரியாமலே இதைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், 1960களில் பருத்திக் காய் உதிர்வதை ஆராய்ந்தபோது கிடைத்த இன்னொரு பொருளுக்கு, உதிர்தல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து அப்சிசிக் அமிலம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறகுதான் பெரும்பாலான செடிகளில் உதிர்ப்பது எத்திலீன், இந்த அமிலத்தின் முக்கிய வேலை வறட்சியில் இலைத்துளைகளை மூடுவது என்று தெரிந்தது. வைத்த பெயர் வைத்ததுதான்.

சரி, ஃபைகஸுக்கு வருவோம். ஃபைகஸ் பெஞ்சமினா. ஆல், அரசு, அத்தி எல்லாவற்றுக்கும் பங்காளி. இந்தச் செடியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிப் பேசப்போகிறேன், ஏனென்றால் நான் முதலில் கொன்ற செடி இதுதான்.

1996இல் ஒரு சாலையோர நர்சரியில், மார்பளவு உயரத்தில், இலை மினுமினுக்க நின்ற ஒரு பெஞ்சமினாவை வாங்கினேன். ஆட்டோவில் கொண்டுவந்து ஹாலில் டிவி பெட்டிக்குப் பக்கத்து மூலையில் வைத்தேன். என் மனைவி அதற்கு ஒரு பித்தளை அண்டாவைத் தேய்த்து வெளித்தொட்டியாகக் கொடுத்தார். பத்தாம் நாள் இலை கொட்ட ஆரம்பித்தது. தினமும் ஒரு முறம். எனக்குப் பயம். காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு தண்ணீர். கொட்டுவது நின்றபாடில்லை. நர்சரிக்காரர் உரம் கொடுத்தார், போட்டேன். நான்காம் மாதம் மிச்சமிருந்த இலைகள் உதிராமல் கிளையிலேயே கருகின. தூக்கிப் பார்த்தால் அண்டாவின் அடியில் ஒரு சாண் தண்ணீர். வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது, உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும். புளித்த கழனித்தண்ணீர் நாற்றம். வகுப்பில் உதிர்வடுக்கைக் கரும்பலகையில் வரைந்துகாட்டிய அதே வாத்தியார்தான்.

நடந்தது இரண்டு கதை. இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் என் தவறு.

முதல் கதை வெளிச்சம். அந்தச் செடி வெயிலில் வளர்ந்தது. வெயிலில் வளரும் இலை தடிப்பாக இருக்கும். நிறையச் சம்பாதிக்கும், நிறையச் செலவும் செய்யும். சுவாசம் என்பது இலையின் வீட்டுச் செலவு. ஒளிச்சேர்க்கை வருமானம். வெட்டவெளி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். நம் ஹாலின் உள்மூலையில் பகலில் 200 லக்ஸ் இருந்தால் அதிகம். அந்த வெளிச்சத்தில் வெயில் இலையால் தன் செலவைக்கூட ஈட்ட முடியாது. செடி அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? காம்பை அறுத்துவிட்டு, மெல்லிய, செலவு குறைந்த நிழல் இலைகளைப் புதிதாக விடப் பார்க்கும். விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும். என் செடியும் நுனியில் துளிர் வைத்திருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை. கீழே கிடந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நர்சரித் தொழிலில் இது பழைய தலைவலி. அமெரிக்காவில் ஃபுளோரிடா வெயிலில் வளர்த்த ஃபைகஸ், வடக்கே அலுவலகக் கட்டடங்களுக்குப் போனதும் மொட்டையாயிற்று. 1970களில் அப்போப்கா ஆராய்ச்சி நிலையத்தில் கோனோவர், பூல் என்ற இருவர் இதில் நிறைய வேலை செய்தார்கள். விற்பதற்கு முன்பே செடியை நிழல்வலைக்கடியில் வைத்து, உரத்தையும் குறைத்து, நிழல் வாழ்க்கைக்குப் பழக்கிவிட வேண்டும் என்பது அவர்கள் காட்டிய வழி. நம் ஊரில் அந்தப் பழக்கல் நம் வீட்டில்தான் நடக்கிறது. கோதாவரிக் கரையில் கடியம் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்து, லாரியில் ஏறி, இருட்டில் பயணம் செய்து, நர்சரியில் சில நாள் நின்று, நம் டிவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்கிறது. புதிதாக வாங்கிய செடியை முதலில் பால்கனியில், பிறகு ஜன்னலோரத்தில், பிறகு உள்ளே என்று வாரக்கணக்கில் நகர்த்துங்கள். வைத்த இடத்தில் விடுங்கள். நாள்தோறும் இடம் மாற்றி வைத்தால் அது போட்ட கணக்கையெல்லாம் அழித்து மறுபடி போட வேண்டும்.

"எங்க ஹால் நல்ல வெளிச்சம் சார்" என்று யாரோ சொல்வது காதில் விழுகிறது. நம் கண்ணை நம்பாதீர்கள். கண்பாப்பா விரிந்து சுருங்கி, இருபது மடங்கு குறைந்த வெளிச்சத்தையும் "கொஞ்சம் மங்கல்" என்றுதான் சொல்லும். செடி நிற்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, ஒரு சாண் மேலே கையை நீட்டுங்கள். விரல் விரலாக நிழல் தெரிந்தால் நல்ல வெளிச்சம். மொத்தையாக ஒரு மங்கல் தெரிந்தால் மணி பிளான்ட், ZZ பிளான்ட், மருள் இனத்து ஸ்நேக் பிளான்ட் போன்றவை சமாளிக்கும். நிழலே விழவில்லை என்றால் அங்கே பிள்ளையார் பொம்மை வையுங்கள். அதோ அந்தத் துளசித் தொட்டி சமையலறை அலமாரியில் இருந்தது என்று சொன்னார்கள். துளசி முற்றத்துச் செடி. அதற்கு நோய் ஒன்றும் இல்லை, முற்றம் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. நாம் படிக்கிற செடி வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. "வடக்குப் பார்த்த ஜன்னலில் நேர்வெயில் விழாது" என்று அவை சொல்லும். அவர்கள் ஊருக்கு அது பெரும்பாலும் சரி. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்து, வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில்தான் திரும்பி உச்சிக்கு வருகிறது. நடுவில் கத்திரி முழுவதும், அதற்குப் பிறகும் வெயில் வடக்குப் பால்கனியில்தான் விழும். ஜனவரியில் நிம்மதியாக இருந்த செடி மே மாதம் அதே இடத்தில் வெந்துபோவதற்கு இதுதான் காரணம். இந்தப் பீஸ் லில்லியைப் பாருங்கள்: ஒரு பக்கத்து இலைகளில் மட்டும் வெளுத்த திட்டு, திட்டின் நடுவில் காகிதம் மாதிரி காய்ந்திருக்கிறது. ஜன்னல் பக்கம் எது என்று செடியின் சொந்தக்காரரைக் கேட்டுப் பாருங்கள். பூஞ்சைக்கொல்லி தேவையில்லை, ஒரு மெல்லிய திரைச்சீலை போதும்.

இரண்டாவது கதை தண்ணீர். என் அண்டாவின் கதை.

வேரும் மூச்சுவிடுகிறது. மண்துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றிலிருந்துதான் அதற்கு ஆக்சிஜன். அந்த இடைவெளி முழுக்கத் தண்ணீர் நின்றால், ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் பரவும் வேகம் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. வேர் மூச்சுமுட்டுகிறது. மூச்சில்லாத வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே தண்ணீரில் நிற்கும் செடி தாகத்தால் வாடுகிறது. நாம் இலை தொங்குவதைப் பார்த்து இன்னும் ஊற்றுகிறோம். பித்தியம், ஃபைட்டாப்தோரா போன்ற அழுகல் கிருமிகள் அந்தச் சேற்றில் சுகமாக வளர்கின்றன. மூச்சுமுட்டுகிற வேர், எத்திலீனுக்கு முன்னோடியான ஒரு பொருளைத் தண்டு வழியாக மேலே அனுப்பும். அது மேலே போய் எத்திலீனாக மாறும். இலைக்காம்புகள் கீழ்நோக்கி வளைந்து தொங்கும், இலை மஞ்சளாகி உதிரும். தக்காளிச் செடியில் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். வெளிச்சம் குறைந்தாலும் எத்திலீன், வேர் அழுகினாலும் எத்திலீன், தாகத்தாலும் அதே. இலை உதிர்கிற விதம் மட்டும் பார்த்தால் காரணம் பிடிபடாமல் போவது இதனால்தான்.

ஆகவே அடுத்த சாட்சி மண். வாடிய செடியைப் பார்த்ததும் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். வாடியிருக்கிறது, மண்ணும் காய்ந்திருக்கிறது என்றால் தாகம். நன்றாக நனையும்படி ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிரும். பீஸ் லில்லி இதில் கெட்டிக்கார நாடகக்காரி. பொத்தென்று விழுந்து, தண்ணீர் கண்டதும் எழுந்து உட்காரும். வாடியிருக்கிறது, மண் ஈரமாக இருக்கிறது என்றால் வேர். அப்போது ஊற்றும் ஒவ்வொரு சொம்பும் விஷம்தான். செடியைத் தொட்டியோடு கவிழ்த்து, உருவி, வேரைப் பாருங்கள். வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ விறைப்பாக இருந்தால் நல்ல வேர். பழுப்பாகக் கொழகொழத்தால் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைப் புதுக் கலவையில், முன்பைவிடச் சின்னத் தொட்டியில் வையுங்கள். சின்னத் தொட்டி என்றதும் சிலர் முகம் மாறுகிறது. நோயாளிக்குப் பெரிய கட்டில் கொடுக்கிற ஆசை நமக்கு. பெரிய தொட்டியில் வேர் இல்லாத மண் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டே இருக்கும், குடிக்க ஆளில்லை.

தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்பது நாடெங்கும் உள்ள நம்பிக்கை. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய ஜல்லிக்குத் தண்ணீர் சுலபத்தில் இறங்காது. மேல்மண் முழுதாக நிறைந்து தளும்பினால்தான் இறங்கும். ஜல்லி போட்டால் சேறு நிற்கும் மட்டம் இன்னும் மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. ஓட்டை அடைக்காமல் ஒரு ஓட்டுச்சில்லு போதும். அடித்தட்டில் தேங்கிய தண்ணீரை அரைமணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். அண்டா, பீங்கான் ஜாடி போன்ற ஓட்டையில்லாத வெளித்தொட்டி வைத்திருப்பவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் உள்ளே எட்டிப் பாருங்கள். என்னிடம் வருகிற செடிகளில் பாதி அங்கேதான் சாகிறது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்றுவது என்று கேட்காதீர்கள். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். ஊற்றிய உடனே எவ்வளவு கனம், காய்ந்தபின் எவ்வளவு கனம் என்று கைக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். காய்கறிக் கடைக்காரர் தராசு இல்லாமலே கால் கிலோ சொல்கிறாரே, அதே பழக்கம்தான்.

மூன்றாவது சாட்சி, எந்த இலை என்பது. அடியிலிருக்கும் இலையா, நுனியிலிருக்கும் இலையா?

பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்த கதை நமக்குத் தெரியும். மாதத்துக்கு ஒன்றிரண்டு அடியிலை மஞ்சளாகி விழுந்து, மேலே குருத்து வந்துகொண்டிருந்தால் அது வயது, விட்டுவிடுங்கள். அடியிலைகள் வரிசையாக, முழுவதும் வெளிறிக்கொண்டே வந்தால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். செடி பழைய இலையிலிருந்து தழைச்சத்தைப் பெயர்த்து எடுத்துக் குருத்துக்கு அனுப்பிவிடும். மணிச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் எல்லாம் இப்படி இடம்பெயரக்கூடியவை. குறை முதலில் தெரிவது அடியில். இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் ஓரிடத்தில் சேர்ந்தால் நகராது. குறை தெரிவது குருத்தில். இதோ இந்த மூலைத் தொட்டி, எக்சோரா: நுனி இலைகள் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை, கோலம் போட்ட மாதிரி. இரும்புச்சத்து இல்லை என்று அர்த்தம். ஆனால் மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, செம்மண்ணே இரும்பால்தான் சிவப்பு. நாம் ஊற்றும் போர் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் மண்ணைக் காரத்தன்மைக்குத் தள்ளிவிடுகிறது. காரத்தில் இரும்பு கரையாமல் பூட்டிக்கொள்கிறது. பெட்டியில் பணம் இருக்கிறது, சாவி இல்லை. மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு இருக்காது. அவசரத்துக்குக் கீலேட் செய்த இரும்பு கடையில் கிடைக்கும். ஆர்ஓ கருவி வெளியே தள்ளுகிற தண்ணீரை மட்டும், வீணாகிறதே என்று செடிக்குக் கொடுக்காதீர்கள். உள்ளே வந்த உப்பெல்லாம் திரண்டு போவது அதில்தான்.

தண்ணீரின் கைவரிசை இலைநுனியிலும் தெரியும். டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட் இரண்டும் ஃபுளோரைடுக்கு மிக லேசில் நோகும். நுனி பழுப்பாகி, அந்தப் பழுப்பு மெல்ல உள்ளே ஏறும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலத்தடி நீரில் பல்லைக் கறையாக்குகிற அளவுக்கு ஃபுளோரைடு இருப்பது நமக்குத் தெரியும். அந்தப் பக்கத்து உறவினர்கள் இந்தச் செடிகளை வளர்த்தால் மழைநீருக்கு மாறச் சொல்லுங்கள். சூப்பர் பாஸ்பேட் உரத்திலும் அது கலந்திருக்கும்.

மண்ணின் மேலேயும் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் உப்பு. நன்றாக வடிகிற தொட்டி என்றால், குளியலறையில் வைத்து நல்ல தண்ணீரை அடி ஓட்டையில் தாராளமாக ஓடும்படி ஊற்றிக் கழுவிவிடலாம். பொள்ளாச்சிப் பக்கமிருந்து வரும் தென்னை நார்க்கழிவும் கழுவாததாக இருந்தால் சொந்த உப்போடு வரும். ஊறவைத்து, பிழிந்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுக் கலவைக்குச் சேருங்கள்.

சமையலறை வைத்தியத்தைப் பற்றி ஒரு நிமிடம் மட்டும். டீத்தூள், முட்டை ஓடு, வெங்காயச் சருகு, அரிசி கழுவிய தண்ணீர். தோட்டத்தில் நல்லவை. எட்டங்குலத் தொட்டியில் மட்காமல் மண்மேல் கிடந்து, சின்னக் கறுப்புக் கொசு மாதிரி ஈக்களை வரவழைக்கும். அந்த ஈ பறந்தால், பூச்சி மருந்து தேடாதீர்கள். மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று அது தகவல் சொல்ல வந்திருக்கிறது.

உண்மையான பூச்சிகள் வேறு. இலையைத் திருப்பி அடியைப் பாருங்கள். ஏசி அறையின் வறண்ட காற்றில் செஞ்சிலந்தி வேகமாகப் பெருகும். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு வெள்ளைத்தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். தூசி விழும். தூசி நடந்தால் செஞ்சிலந்தி. இலையின் மேல்பக்கம் ஊசி குத்திய மாதிரி வெளிர்ப்புள்ளிகளாக இருக்கும், பிறகு உதிரும். குழாய்த் தண்ணீரில் இலையடியைப் பீய்ச்சிக் கழுவுவது முதல் சிகிச்சை. வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம். மாவுப்பூச்சி கணுக்களில் பஞ்சு மாதிரி இருக்கும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சில சொட்டு சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம். மாவுப்பூச்சி என்றால் அலட்சியம் வேண்டாம். 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று இந்த மாநிலத்தையே ஆட்டிவைத்தது. மருந்தால் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விட்ட, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு குளவிதான் அடக்கியது. நம் ஹாலுக்குக் குளவி வராது, ஆகவே பஞ்சையும் ஸ்பிரிட்டையும் வைத்துக்கொண்டு நாமேதான் குளவி.

செடி வாங்குவதே வீட்டுக் காற்றைச் சுத்தப்படுத்தத்தான் என்று ஒருவர் கேள்விச்சீட்டு அனுப்பியிருக்கிறார். 1989இல் நாசா மூடிய பெட்டிக்குள் செய்த சோதனையிலிருந்து கிளம்பிய பேச்சு அது. 2019இல் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டவர்கள், ஜன்னல் வழியாகத் தானாக வந்துபோகும் காற்றுக்கு ஈடாகச் செடி சுத்தம் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வேண்டும் என்றார்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். செடிக்கும் நல்லது.

கடைசிச் சாட்சி நீங்கள்தான். இலை இன்று விழுந்தால் காரணம் இன்று நடந்தது அல்ல. உதிர்வடுக்கு கரைய நாள்கள் ஆகும், சில சமயம் வாரங்கள். ஆகவே, "நேத்து என்ன பண்ணேன்?" என்று யோசிக்காதீர்கள். போன மாதம் என்ன மாறியது? பெயின்ட் அடிக்க இடம் மாற்றினீர்களா? ஏசி புதிதாகப் போட்டீர்களா, அதன் காற்று நேரே செடிமேல் அடிக்கிறதா? எதிரே புதுக் கட்டடம் எழும்பி வெயிலை மறைத்துவிட்டதா? ஊருக்குப் போனபோது தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவி கொடுத்தீர்களா? அவன் கடமை தவறாதவனாக இருந்திருந்தால் ஆபத்து. நான் கேட்டு வாங்கிய பதில்களில், "ஒண்ணும் மாறலியே சார்" என்று தொடங்காதது ஒன்றுகூட இல்லை. ஐந்து நிமிடம் பேசியதும் ஏதாவது ஒன்று வெளியே வரும்.

நேரமாகிவிட்டது. ஆனால் மேசையின் அந்தக் கோடியில் ஒரு தொட்டியை இன்னும் தொடவில்லை. ஓர் இலைகூட இல்லாத குச்சி. இதுவும் பெஞ்சமினாதானே அம்மா? எப்போது மொட்டையானது, ஆறு வாரமா? இலையெல்லாம் கீழே விழுந்ததா, மேலேயே காய்ந்ததா? விழுந்ததா... நல்லது. பெருக்கி எடுத்தது நீங்களேவா? அப்போது காம்பு நினைவிருக்காது, பரவாயில்லை.

இப்படிக் கொண்டுவாருங்கள். நுனியில் நகத்தால் லேசாகக் கீறுகிறேன். பழுப்பு, காய்ந்துவிட்டது. ஒரு சாண் கீழே. இங்கேயும் பழுப்பு. இன்னும் கீழே, இந்த முதல் கிளை பிரிகிற இடத்தில்... விளக்கைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்கள். பார்த்தீர்களா, தோலுக்கடியில் பச்சை, ஈரமாகக்கூட இருக்கிறது. கணுவுக்கு மேலே இங்கே வெட்டப்போகிறேன். பால் வடிந்தால் பயப்படாதீர்கள், துணியால் ஒற்றுங்கள். விரலை விட்டுப் பார்க்கிறேன்: மண் சேறு. ஆகவே இன்றைக்கு உருவி வேரைப் பார்த்து, வெட்ட வேண்டியதை வெட்டி, ஆறங்குலத் தொட்டிக்கு மாற்றுகிறோம். வெளிச்சமான நிழலில் வையுங்கள். இலையில்லாத செடிக்குத் தாகம் குறைவு. தொட்டி கையில் லேசாகத் தெரியும்வரை சொம்பை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். உரம் வேண்டாம். அடுத்த மாதம் முதல் ஞாயிறு இதே தொட்டியோடு வாருங்கள், கணுவைப் பார்ப்போம்.

யாரிடமாவது நல்ல கத்தரிக்கோல் இருக்கிறதா? ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் கொடுங்கள்.